குத்தியவரே தண்ணீர் காட்ட வேண்டும்

போன மாதம் ஒரு காலையில் டாக்டர் பிரபு போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற உயிரியல் பூங்காவில் இப்போது மருத்துவராக இருப்பவர். நல்ல பிள்ளை, பேச்சில் அப்படி ஒரு பணிவு. "மேடம், மனிதக் குரங்குகளுக்கு மயக்க மருந்து இல்லாமலே ஊசி போடறது, ரத்தம் எடுக்கறது பத்தி ஒரு கையேடு கொண்டு வர்றோம். வெளிநாட்டுல இருந்து வந்த முறை. நம்ம பூங்காவுல முதல்ல செஞ்சது நீங்கதான்னு சொன்னாங்க. வெளியீட்டு விழாவுல நீங்க பேசணும்" என்றார்.

கையேட்டை அனுப்பச் சொல்லிப் படித்தேன். வண்ணப் படங்கள், அம்புக்குறிகள், கட்டம் கட்டிய குறிப்புகள். வரலாறு என்ற தலைப்பின் கீழ் நாலே வரி. அன்றைய இயக்குநரின் வழிகாட்டுதலில், வெளிநாட்டு நெறிமுறைகளைப் பின்பற்றி, மருத்துவக் குழு இந்த முறையை அறிமுகப்படுத்தியதாம். குழு என்றால் நானும், கல்வராயன் மலையிலிருந்து வந்த வெள்ளையன் என்ற விலங்குக் காப்பாளரும். வழிகாட்டுதல் என்றால் எனக்கு வந்த மெமோ. அது இன்னும் கள்ளக்குறிச்சியில் என் வீட்டு பீரோவில் இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். "ரொம்ப நல்லா இருக்கு மேடம். அந்தச் சட்டை விஷயத்தையும் மெமோவையும் மட்டும் எடுத்துடலாமா? சங்கடமா இருக்கும்."

"யாருக்கு?"

"பொதுவா, மேடம்."

பொதுவாக யாருக்கும் சங்கடம் வருவதில்லை. இதில் பெரிய சங்கடம் எனக்குத்தான், ஏனென்றால் அந்தச் சட்டையைப் போட்டவள் நான். எனக்கே ஆட்சேபணை இல்லாதபோது மற்றவர்கள் எதற்கு நெளிய வேண்டும்? இதோ, ஒரு வரி குறைக்காமல் எழுதுகிறேன். விழாவில் படிக்க விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி.

நான் திருநாவலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கால்நடை மருத்துவம் படித்த ஐந்து வருடத்தில் மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். மனிதக் குரங்குக்குப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். அதுவும் பரீட்சைக்கு வராது என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். படித்து முடித்ததும் வெள்ளிமலை கால்நடை மருந்தகத்தில் வேலை. உத்தரவைப் பார்த்து அப்பா முகம் சுருங்கிவிட்டது. "மலைக்கா? பொம்பளப் புள்ள தெனம் பஸ் ஏறிப் போயி மாட்டுக்கு ஊசி போடணுமா? வேற ஊரா கேளு" என்றார். மாடு இருக்கிற ஊருக்குத்தானே மாட்டு டாக்டரை அனுப்புவார்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

கச்சிராயபாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, காலை பஸ்ஸில் மலையேறி மாலை பஸ்ஸில் இறங்குவேன். அங்கே நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் தடுப்பூசி முகாம். ஓர் இளைஞர் தன் காளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டு முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இது எதுக்குப்பா?"

"நீங்கதான குத்தினீங்க? நீங்கதான் தண்ணி காட்டணும். இன்னிக்கி, நாளைக்கி, நாளான்னிக்கி."

"மூணு நாளா?"

"மூக்கணாங்கவுத்துக்கு மூக்கு குத்துனாலும் எங்க வூட்ல அப்டித்தாங்க. குத்துன ஆளே மூணு நாளு தண்ணி காட்டணும். இல்லன்னா மாடு மனசுல வெச்சிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனதில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு மாட்டுக்கு மூளை இல்லை என்று சொல்லி, வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். அடுத்த முகாமுக்குப் போனபோது அதே காளை என்னைத் தூரத்தில் பார்த்ததுமே முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் மருந்துப் பையைக் கொம்பில் தூக்கி எறிந்தது. ஸ்பிரிட் வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். படித்தவளுக்குக் காரணமா கிடைக்காது?

சில வருடங்களில் உயிரியல் பூங்காவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போனேன். அங்கே சிம்பன்சிகள் மூன்று. மனிதக் குரங்கு வைத்தியத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நோய் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் அதற்குப் போகிறது என்பது. நமக்கு ரெண்டு நாள் மூக்கொழுகிவிட்டுப் போகிற சளி அதன் நெஞ்சில் இறங்கினால் உயிரையே எடுத்துவிடும். அதனால் முகக்கவசம் கட்டி, பூட்ஸை மருந்துத் தண்ணீர்த் தட்டில் முக்கி எடுத்த பிறகுதான் உள்ளே நுழைவோம். தும்மல் வந்த ஆள் அன்றைக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. மற்ற எல்லாம் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றுதான். வளர்ந்த சிம்பன்சியின் கை வலு, ஐந்தாறு ஆள் சேர்ந்தாலும் வராது.

மூன்றில் பெரியவள் மாது. வெளிநாட்டுப் பூங்காவிலிருந்து வந்தவள். பதிவேட்டில் மார்த்தா என்று இருக்கும். முப்பது வயதுக்காரி. நான் வாசலில் செருப்பைக் கழற்றி பூட்ஸ் மாட்டும்போதே உள்ளே அவள் கம்பியைத் தட்ட ஆரம்பித்துவிடுவாள். வாய் நிறையத் தண்ணீரை அடக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் வந்ததும் சரியாக என் கண்ணில் துப்புவாள். தூரத்திலிருந்து வாயால் ஊதி ஊசியைப் பாய்ச்சும் ஊசிக்குழாயைப் பார்த்தால் போதும், சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கையாலும் தொடையை மூடிக்கொள்வாள். நான் எங்கே குறி வைப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

மாது என்று பெயர் வைத்தவர் வெள்ளையன். நான் சேர்ந்த முதல் நாள் அவர் பேச்சைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தேன்.

"வெள்ளிமலைக்கு அந்தாண்டங்க."

"நான் அங்க வேலை பாத்திருக்கேன்."

"தெரியுங்க. எங்க வூட்டு மாட்டுக்கு ஊசி போட்டுட்டு, தண்ணி காட்டாம பஸ்ஸுக்கு ஓடினீங்களே" என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்த வாளிக்காரர்தான்.

வெள்ளையனிடம் ஒரு வழக்கம் உண்டு. மருந்தை ஒளிக்க மாட்டார். மற்ற காப்பாளர்கள் வாழைப்பழத்தைக் கீறி மாத்திரையைச் சொருகிக் கொடுப்பார்கள். மாது பழத்தைப் பிரித்து மாத்திரையை மட்டும் எடுத்து அவர்கள் மேலேயே எறிவாள். வெள்ளையன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "மாது, கசக்கும். துன்னுடு. அப்பால வேர்க்கடல தரேன்" என்பார். அவள் முகத்தைக் கோணிக்கொண்டு விழுங்கிவிட்டு, வாயைத் திறந்தும் காட்டுவாள். கூண்டுக்குள் எது விழுந்தாலும், பேனாவோ மூக்குக்கண்ணாடியோ, அவரிடம் கொடுத்துக் கடலை வாங்கிக்கொள்வாள். அவர்களுக்குள் அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல்.

இப்போது சட்டைக்கு வருகிறேன்.

வருடாந்தரப் பரிசோதனைக்கு மாதுவை மயக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் முயன்றேன், ஊசி போடத் தோதாக ஒரு விரற்கடை கூட அவள் காட்டவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. நான்காம் நாள், வெள்ளையன் தீவனம் நறுக்கப் போயிருந்த நேரத்தில், ஆணியில் தொங்கிய அவருடைய காக்கிச் சட்டையை எடுத்து என் உடைக்கு மேல் மாட்டிக்கொண்டேன். அவர் தலையில் கட்டும் துண்டையும் கட்டினேன். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருக்க மாட்டார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு, அவர் மாதிரியே காலை இழுத்து நடந்து போனேன். சட்டையில் அவர் வாடை, பீடியும் வேர்க்கடலையும் கலந்தது. மாது கம்பிப் பக்கம் வந்து, கடலைக்காக உதட்டை நீட்டினாள். நான் ஊசிக்குழாயை வாயில் வைத்து அவள் தொடையில் ஊதினேன்.

ஊசி தைத்ததும் அவள் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சட்டையைப் பார்த்தாள். மயக்கம் ஏறிச் சாய்கிற வரைக்கும் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையில் கிடத்தியபோது இதயத் துடிப்பு தாறுமாறானது. மூச்சு நின்றது. மார்பை அழுத்தி, குழாய் வழியாகக் காற்றுக் கொடுத்து, அவளை மீட்டு எடுப்பதற்குள் என் கை இரண்டும் மரத்துப்போய்விட்டன. பிறகு மனிதர்களைப் பார்க்கும் இதய மருத்துவர் ஒருவரை வரவழைத்து ஸ்கேன் எடுத்தோம். இதயத் தசை பாதிக்கு மேல் விறைத்துப் போயிருக்கிறது என்றார். "இன்னொரு தடவை மயக்கம் குடுத்தா திரும்பி எழுந்திருக்கும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாளிலிருந்து மாது வெள்ளையன் கையால் எதையும் வாங்கவில்லை. அவர் கடலையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தரையில் வைத்துவிட்டு அவர் வெளியே போனால்தான் சாப்பிட்டாள். ஒரு வாரம் அவருக்குக் காரணம் புரியவில்லை. எட்டாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"என் சட்டய போட்டுகினீங்களா டாக்டரம்மா?"

ஆமாம் என்றேன்.

"நீங்க குத்திட்டுப் போயிட்டீங்க. நான் குத்துனதா அது நெனச்சிகினு கீது" என்றார். அன்று மாலையே ஊருக்குப் போய்விட்டார். காக்கிச் சட்டைகள் இரண்டும் ஆணியிலேயே தொங்கின.

நாலு மாதம் ஆனது. மாதுவுக்கு இடது தாடை வீங்கியது. கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். சாப்பாடு நின்றது, காய்ச்சல் கண்டது, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். மாத்திரையை ஒளித்தால் கண்டுபிடித்துவிடுவாள். கையில் வைத்துக் காட்டிவிட்டுக் கொடுக்க வெள்ளையன் இல்லை. ஊசி போட வேண்டும், அதற்கு அவளே தோளைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மயக்க வேண்டும், மயக்கினால் அவள் திரும்ப மாட்டாள்.

இயக்குநரிடம் போனேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதும் இல்லை. மேசை மேல் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மணிபிளான்ட் வைத்திருப்பார். நாம் பேசத் தொடங்கியதும் ஒரு சின்னக் குவளையால் அதற்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார். குவளையைக் கீழே வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நோட் போடுங்க." அவர் மேசையில் நோட்டாகிப் படுத்த விஷயங்கள் பல உண்டு, எழுந்து நடந்தவை கம்மி.

அன்று மட்டும் அவரே முதலில் பேசினார். "பன்னண்டு நாள்ல பூங்காவை ஆய்வு செய்யப் பார்வைக் குழு வருது. வீங்கின முகத்தோட ஒரு விலங்கு காட்சியில இருக்கக் கூடாது. மயக்கிப் பல்லை எடுத்துடுங்க."

"மயக்கினா செத்துடும் சார்."

"அது உங்க யூகம்."

"இதய டாக்டர் அறிக்கை இருக்கு."

"ரிஸ்க் எல்லாத்துலயும் இருக்கு." குவளையைக் கீழே வைத்தார். "மாட்டேன்னா எழுத்துல கொடுங்க. நோட் போடுங்க."

அப்படிச் சொன்னால் யாரும் எழுத்தில் கொடுக்க மாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து இரண்டே வரி எழுதினேன். மார்த்தா என்னும் பெண் சிம்பன்சியை மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய மாட்டேன். அவ்விதம் செய்தால் இறக்கும் என்று நம்புகிறேன். கையெழுத்துப் போட்டு மணிபிளான்ட் பக்கத்தில் வைத்துவிட்டு, நேராகப் பஸ் நிலையத்துக்குப் போனேன்.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பஸ். அங்கிருந்து ஜீப். வெள்ளையனும் அவர் மனைவியும் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாடை வீக்கம், காய்ச்சல், பன்னிரண்டு நாள் கெடு.

"நான் வந்து இன்னா செய்யறது? அது என் மூஞ்சிய பாக்க மாட்டேங்குது" என்றார்.

"உங்க மேல தப்பு இல்லன்னு அதுக்குத் தெரியணும்."

"யாரு சொல்லுவா?"

அவர் மனைவி எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கிற வரை வெள்ளையன் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு செய்யணும் டாக்டரம்மா. நீங்க உங்க துணியிலயே வரணும். ஊசிய மறைக்கக் கூடாது. தீனி, தண்ணி எல்லாம் நீங்கதான் வெக்கணும். நான் பக்கத்துல சும்மா குந்திகினு இருப்பேன். குத்துனது யாரு, குடுக்கறது யாருன்னு அதுவே பாத்துக்கட்டும்."

மருத்துவர் தீனி வைக்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. விலங்கு நம்மிடம் பழகிவிட்டால் சிகிச்சையில் கை தளரும் என்று அதற்கு விளக்கமும் உண்டு. இத்தனை வருடம் நாங்கள் செய்ததெல்லாம், குத்திவிட்டு ஓடுவது ஒருவர், அடுத்த வேளை தட்டோடு போய் நிற்பது இன்னொருவர். அந்த மலைக்காட்டில் நின்றபோதுதான் அது எவ்வளவு கேவலமான ஏற்பாடு என்று உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதை அவரிடமே சொன்னேன்.

"சரி, வாங்க. கெழங்க மூட்ட கட்டிட்டு வரேன்" என்றார். காக்கிச் சட்டையை இனி போட மாட்டேன் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். நீலக் கட்டம் போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். அனுமதியில்லாமல் போனவர், சீருடையும் இல்லை. விடுப்பு முடிந்து பணியில் சேர்ந்தார் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரும், இன்னொரு கையில் ஊசியுமாக, முகக்கவசத்தோடு கம்பி முன்னால் நின்றேன். மாது என்னைப் பார்த்தாள், ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த வெள்ளையனைப் பார்த்தாள். தொட்டித் தண்ணீரை வாய் நிறைய எடுத்து வந்து என் முகத்தில் துப்பினாள். துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"தொடைக்காதீங்க. இன்னும் கீது அதுகிட்ட" என்றார் வெள்ளையன்.

இருந்தது. தண்ணீர் தீர்ந்ததும் மலம் வந்தது. இரண்டாம் நாளும் அதேதான். உடையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடியும் நின்றேன். மூன்றாம் நாள் டம்ளரைக் கம்பி ஓரம் வைத்துவிட்டு நான் திரும்பி நிற்கும்போது அதிலிருந்து உறிஞ்சும் சத்தம் கேட்டது. தாடை இன்னும் பெரிதாகியிருந்தது. சீழ் ரத்தத்தில் ஏறிச் செத்துப்போனால், மயக்கினால் செத்துவிடும் என்று எழுதிக் கொடுத்த நானே அவளைக் கொன்றவள் ஆவேன். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தோடுதான் போய் நின்றேன்.

நான்காம் நாள் கன்னத்தில் வீக்கம் உடைந்து சீழ் வெளியேறியது. காய்ச்சல் தணிந்தது. அன்று என் கையிலிருந்து சாமைக் கஞ்சி வாங்கிக் குடித்தாள். நான் அழுதேன். வெள்ளையன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஊசி மாட்டாத சிரிஞ்சால் புண்ணில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைப் பீய்ச்ச விட்டாள். ஆறாம் நாள் அதே சிரிஞ்சைத் தோளில் வைத்து அழுத்தினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், யோசித்தாள், தோளை மறுபடியும் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே இன்னும் நோய் இருந்தது. ஊசி போடாமல் தீராது.

எட்டாம் நாள் நிஜ ஊசி. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். முகர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றார் வெள்ளையன்.

"மாது, குத்தும். வலிக்கும்" என்றேன்.

தோளைக் கம்பியில் வைத்து, முகத்தை வெள்ளையன் பக்கம் திருப்பிக்கொண்டாள். குத்தினேன், மருந்து முழுவதும் இறங்கியது. வீல் என்று கத்தி, கம்பியை ஓங்கி அறைந்துவிட்டு மூலைக்கு ஓடினாள். என் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. வெள்ளையன் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் தண்ணீர் ஊற்றி நீட்டியபடி நின்றேன். வெகுநேரம் ஆனது. வந்தாள், குடித்தாள். பிறகு வெள்ளையன் நீட்டிய கடலையை, நாலு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பத்து நாள் மருந்துக்குப் பத்து ஊசி, பத்துக்கும் தோளைக் கொடுத்தாள்.

இதற்குள் பார்வைக் குழு வந்து போனது. ஆறாத புண்ணோடு ஒரு சிம்பன்சி காட்சியில் இருந்தது என்று எழுதிவைத்துவிட்டும் போனது. எனக்கு மெமோ வந்தது. இயக்குநரின் உத்தரவை மீறியது, விதிக்கு மாறாகத் தீனி வைத்தது, சீருடையற்ற ஒருவரை விலங்குப் பகுதியில் அமர்த்தியது. ஏழு நாளில் விளக்கம் தரவும்.

மூன்றும் உண்மை என்று எழுதினேன். எழுதிக்கொண்டிருந்த அன்று காலை மாது வாய்க்குள் விரலை விட்டு நோண்டிக்கொண்டே இருந்தாள். ஆட்டம் கண்டிருந்த அந்தப் பல்லைத் தானே பிடுங்கி எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள், முகர்ந்தாள், கம்பி வழியாக நீட்டினாள். வெள்ளையன் பக்கத்தில்தான் இருந்தார், நீட்டியது என்னிடம். ஒரு பிடி கடலை கொடுத்து வாங்கிக்கொண்டேன். பல்லைக் கழுவி, உறையில் போட்டு, விளக்கக் கடிதத்தின் அடியில் "இணைப்பு: பல் ஒன்று" என்று எழுதிச் சேர்த்து அனுப்பினேன்.

இயக்குநர் கூப்பிட்டார். உறையைச் சாய்த்துப் பல்லை மேசையில் கொட்டிப் பார்த்தார். குவளையைக் கையில் எடுக்கவே இல்லை. "இதை ஃபைல்ல கோக்க முடியாது. நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். வைத்துக்கொண்டேன். பதவி உயர்வு தள்ளிப்போனது, போகட்டும். அந்த மெமோவும் பல்லும் ஒரே உறையில் இருக்கின்றன.

ஆகவே பிரபு, அன்றைய இயக்குநரின் வழிகாட்டுதல் என்ற வரியை அடியுங்கள். வெளிநாட்டு முறை என்பதையும் அடியுங்கள். வெளிநாட்டில் அவர்களாகவே கண்டுபிடித்திருக்கலாம், எனக்கு மகிழ்ச்சிதான். எனக்கு இது வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு மரவள்ளிக் காட்டில் சொல்லப்பட்டது. சொன்னவர் பெயர் வெள்ளையன் என்று அச்சில் வர வேண்டும். மேடையில் இரண்டு நாற்காலி போடுங்கள். ஒன்றுதான் என்றால் அவரை உட்காரவைத்துவிட்டு நான் நின்று பேசுகிறேன். ரெண்டும் இல்லை என்றால் நாங்கள் வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதையும் எடுக்கச் சொல்வார்கள்.

மாது அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தாள். மார்பைக் கம்பியில் ஒட்டிவைத்து ஸ்கேன் எடுக்க விடுவாள், இதய மாத்திரையைக் காட்டிவிட்டுக் கொடுத்தால் முகத்தைக் கோணிக்கொண்டு விழுங்குவாள். ஒரு நாள் காலை வெயிலில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். பிரேதப் பரிசோதனையை வேறு யாரிடமும் விடவில்லை, நானே அறுத்தேன். இதயத்தில் நல்ல தசை என்று மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அன்று மயக்கியிருந்தால் திரும்பியிருக்க மாட்டாள் என்று அறிக்கையில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன்.

மறுநாள் காலை அவளுடைய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, காலிக் கூண்டின் கம்பி ஓரம் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. டாக்டரம்மாவுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று மூன்றாம் நாளும் போனேன். வெள்ளையன் பக்கத்தில் வந்து நின்றார், அதே மாதிரி ஒரு கட்டம் போட்ட சட்டையில். சற்றுப் பொறுத்து டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் கூண்டுத் தரையில் ஊற்றிவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்தார்.

"போதும் டாக்டரம்மா. மூணு நாளு ஆச்சு. இனிமே மனசுல வெச்சிக்காது" என்றார்.